போர்டில் விளக்கு மின்னினால் கேம் வேகமாக ஓடுமா?

கேள்வி: குறைந்த செலவில் கேமிங் கம்ப்யூட்டர் ஒன்றை நானே பூட்டப்போகிறேன். ரைசன் 5 5600 பிராசசர், ஆர்எக்ஸ் 6600 கிராபிக்ஸ் கார்டு இரண்டும் முடிவாகிவிட்டன. மதர்போர்டில்தான் வீட்டில் தகராறு. வண்ண விளக்குகள் மின்னும் எக்ஸ்570-ஐ வாங்கு என்கிறார் அண்ணன். ஏ520 போதும் என்கிறான் நண்பன். யார் பேச்சைக் கேட்பது?
— கல்லூரி மாணவர் ஒருவர்

பதில்: இருவர் பேச்சையும் கேட்க வேண்டாம், தம்பி. நடுவில் இருக்கும் பி550-ஐ வாங்குங்கள்.

அண்ணனுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஒரே பிராசசரையும் கார்டையும் எக்ஸ்570-இல் மாட்டினாலும் பி550-இல் மாட்டினாலும் திரையில் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. கூடுதல் விலை போவதெல்லாம் கூடுதல் எஸ்எஸ்டி இடங்களுக்கும் போர்ட்டுகளுக்கும்தான். போதாக்குறைக்கு, போர்டின் போக்குவரத்தைக் கவனிக்கும் சிப்செட் என்ற சில்லு சூடாகும் என்று பெரும்பாலான எக்ஸ்570 போர்டுகளில் ஒரு குட்டி விசிறி வேறு வைத்திருக்கிறார்கள். தூசி ஏறிவிட்டால் கொசு காதருகில் பாடுவது போல அது பாடும்.

நண்பர் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. ஏ520-இல் பிராசசரை ஓவர்கிளாக் செய்ய, அதாவது நிர்ணயித்த வேகத்துக்கு மேல் ஓட்ட, முடியாது. 5600-க்கு அது ஒரு நஷ்டமே அல்ல. எனக்கு உறுத்துவது வேறு. ஆர்எக்ஸ் 6600 முழு நீள ஸ்லாட்டில் உட்கார்ந்தாலும் 8 பிசிஐஇ பாதைகளைத்தான் (கார்டுக்கும் பிராசசருக்கும் இடையே தரவு ஓடும் தடங்கள்) பயன்படுத்துகிறது. பி550-இல் அவை 4.0 வேகத்தில் ஓடும். ஏ520-இல் 3.0, அதாவது அதில் பாதி. கார்டின் 8 ஜிபி நினைவகம் நிரம்பாதவரை இது பெரிதாகத் தெரியாது. நிரம்பி வழிந்து, மிச்சத்தை ரேமிலிருந்து அள்ளிவர வேண்டிய கனமான கேம்களில்தான் படம் திக்கித் திக்கி நகரும். 4 பாதைகள் மட்டுமே உள்ள ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டியைப் பழைய 3.0 போர்டில் மாட்டியவர்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள்.

பி550 என்று பெயர் போட்டதெல்லாம் ஒன்றல்ல. படத்தைப் பெரிதாக்கி, பிராசசர் சாக்கெட்டின் பக்கவாட்டைப் பாருங்கள். மின்சாரத்தைப் பக்குவப்படுத்தும் பகுதி அங்கே இருக்கிறது. அதன்மேல் அலுமினியக் கட்டி எதுவும் இல்லாமல் கறுப்புச் சில்லுகள் வெறுமனே தெரிந்தால் அதை விட்டுவிடுங்கள். 65 வாட் 5600-க்கு அதுவும் போதும்தான். ஆனால் இரண்டு வருடம் கழித்து 105 வாட் 5700எக்ஸ்3டி பிராசசர் கைக்குக் கிடைத்தால், போர்டை மாற்றாமல் அதை மட்டும் மாட்ட ஆசை வரும். ரேம் ஸ்லாட் நான்கு இருப்பது நல்லது. அளவு மைக்ரோ ஏடிஎக்ஸ் போதும். வைஃபை தேவையா என்பது உங்கள் மேஜைவரை கேபிள் வருமா என்பதைப் பொறுத்தது.

வாங்குவதற்கு முன் பயாஸ் விஷயத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டரை எழுப்பிவிட போர்டிலேயே பதிந்திருக்கும் மென்பொருள்தான் பயாஸ்; அது உங்கள் பிராசசரை அடையாளம் காண வேண்டும். என் நண்பருக்காக ஒருமுறை நெடுநாள் அலமாரியில் கிடந்த பி450 போர்டில் 5000 வரிசை பிராசசரை மாட்டினேன். விசிறிகள் சுற்றின, திரை இருட்டாகவே இருந்தது. ரேமைக் கழற்றி மாட்டினேன், கார்டைக் கழற்றி மாட்டினேன், பவர் சப்ளையைக் கூடச் சந்தேகப்பட்டேன். கடைசியில், பழைய பயாஸுக்குப் புதிய பிராசசரை அடையாளம் தெரியவில்லை. பழைய பிராசசர் ஒன்றை இரவல் வாங்கி அப்டேட் செய்தபோது இரண்டு நாள் போயிருந்தது. பிராசசர் இல்லாமலே பென் டிரைவிலிருந்து பயாஸை ஏற்றும் பொத்தான் சில போர்டுகளின் பின்பக்கம் இருக்கிறது. அதற்குக் கொஞ்சம் கூடக் கொடுக்கலாம். சிபியு, ரேம், கார்டு, பூட் என்று எது மக்கர் செய்கிறது என்பதைக் காட்டும் நான்கு பொடி விளக்குகளும் சிலவற்றில் உண்டு. அண்ணனுக்கு விளக்கு வேண்டுமென்றால் அந்த விளக்கைக் காட்டுங்கள்.

ரேமை 8 ஜிபி இரண்டாக வாங்கி, பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டுகளில் மாட்டுங்கள். பிறகு பயாஸில் எக்ஸ்எம்பியை, அதாவது ரேமை அதற்குரிய வேகத்தில் ஓட்டும் அமைப்பை, இயக்க மறக்கக் கூடாது. இல்லாவிட்டால் 3200 என்று காசு கொடுத்து வாங்கிய ரேம் பெரும்பாலும் 2133-இலோ 2400-இலோ சோம்பிக் கிடக்கும்.

ஒன்று விட்டுப்போயிற்று. விலை குறைந்த போர்டுகளில் பின்பக்கப் போர்ட்டுகளுக்கான தகடு தனியாக வரும். அதைக் கேபினெட்டில் அழுத்திப் பொருத்திய பிறகே போர்டை உள்ளே இறக்குங்கள். கடைசித் திருகை முடுக்கி நிமிர்ந்தபோது அது மேஜைமேல் கிடந்ததைப் பார்த்து, ஒன்பது திருகுகளையும் மறுபடி கழற்றியவன் நான்.