இரண்டு ஒப்பந்தங்களுக்கு நடுவே வீட்டில்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

துபாயில் ஹோட்டல் வேலை. இரண்டு மாத லீவில் வந்திருக்கிறேன். தீபாவளி முடிந்து போனால் என்ன? கம்பனி "பரவாயில்லை" என்கிறது. (டிக்கோயா)

கம்பனியின் "பரவாயில்லை"யும் விசாவின் கணக்கும் ஒன்றல்ல. அமீரகத்துக்கு வெளியே தொடர்ந்து ஆறு மாதத்துக்கு மேல் தங்கினால் சாதாரண வதிவிட விசா செல்லாது. நீங்கள் அந்த எல்லைக்குள்தான் இருக்கிறீர்கள். ஆனாலும் விசா முடிகிற திகதியைத் தனியாகப் பார்த்துக்கொள்ளுங்கள். சவூதியிலிருந்து வந்தவர்கள் இந்த ஆறு மாதக் கணக்கைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டாம். அவர்களுக்கு மீள்நுழைவு விசாவில் உள்ள திகதிதான் கெடு. அதை நீடிப்பதென்றால், முடிவதற்கு முன்பே முதலாளி அங்கிருந்து செய்ய வேண்டும்.

அடுத்தது பணம். ஓராண்டு முடித்தவருக்கு அமீரகச் சட்டம் தருவது ஆண்டுக்கு 30 நாள் சம்பள லீவு. அதற்கு மேல் நிற்கும் நாட்கள் சம்பளமில்லாதவை. அவை சேவைக்காலப் பணிக்கொடையிலும் சேராது. அந்தப் பணிக்கொடை முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டொன்றுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம், அதற்குப் பிறகு 30 நாள். (வீட்டுப் பணியாளர்களுக்கு வேறு சட்டம்.) காரணமில்லாமல் தொடர்ந்து ஏழு நாளுக்கு மேல் வேலைக்கு வராதவரை முன்னறிவித்தல் இல்லாமலே நீக்கலாம் என்றும் அதே சட்டம் சொல்கிறது. அதனால் சூப்பர்வைசரின் வாட்ஸ்அப் குரல் செய்தி போதாது. எந்தத் திகதியிலிருந்து எந்தத் திகதிவரை என்று போட்டு, மனிதவளப் பிரிவிலிருந்து ஈமெயில் வாங்கிய பிறகு டிக்கெட்டை மாற்றுங்கள்.

அதே முதலாளியிடம் திரும்பிப் போகிறேன். பணியகத்தில் மறுபடி பதிய வேண்டுமா? (பண்டாரவளை)

வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் பதிவு இரண்டு ஆண்டுகளுக்கு மட்டும். போகும் நாளில் அது காலாவதியாகியிருந்தால் புதுப்பிக்கத்தான் வேண்டும். இல்லாவிட்டால் கட்டுநாயக்க விமான நிலையத்தில் நிறுத்துவார்கள். காப்புறுதியும் பதிவோடு சேர்ந்தே வருவதால், பதிவு இல்லாமல் அங்கே விபத்து நடந்தால் குடும்பத்துக்கு அதிலிருந்து எதுவும் கிடைக்காது. சந்தேகமிருந்தால் 1989க்கு அழைத்துக் கேளுங்கள்.

சிறு பிள்ளைகள் உள்ள தாய்மார் டிக்கெட் எடுக்கும் முன்னே பிரதேச செயலகத்துக்குப் போய், வெளிநாட்டு வேலைவாய்ப்புக்குப் பொறுப்பான அபிவிருத்தி உத்தியோகத்தரைப் பார்க்க வேண்டும். பிள்ளையின் வயது பற்றிய நிபந்தனை ஒன்றுக்கு மேற்பட்ட தடவை மாறியிருக்கிறது. சப் ஏஜென்ட் சொல்லும் வயதை நம்பிப் பணம் கட்டாதீர்கள். "விசிட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம்" என்று யாராவது சொன்னால், பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

பாஸ்போர்ட்டில் எட்டு மாதம்தான் பாக்கி. இப்போதே மாற்றவா? (கொட்டகலை)

இப்போதே மாற்றுங்கள். ஆறு மாதத்துக்குக் குறைவாக இருந்தால் விமான நிறுவனம் ஏற்ற மறுக்கலாம்.

மலையகத்தில் இதில் அடிக்கடி வரும் சிக்கல் பெயர்தான். தோட்டத்தில் பதிந்த பிறப்புச் சான்றிதழில் ஓர் எழுத்து, அடையாள அட்டையில் வேறொன்று, தகப்பன் பெயர் இன்னொரு விதம். பழைய பாஸ்போர்ட்டில் இது தப்பியிருக்கலாம், புதியதில் தப்பும் என்று எண்ண வேண்டாம். வந்த முதல் வாரத்திலேயே பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, பாஸ்போர்ட் மூன்றையும் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். பிழையிருந்தால் பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவில் திருத்தத்துக்குக் கொடுங்கள். இது மாதக்கணக்கில் இழுபடலாம். விடுமுறையின் கடைசியில் ஓடினால் நடக்காது. சான்றிதழை லாமினேட் செய்யாதீர்கள். பிறகு அதில் முத்திரை பதிக்க முடியாது.

பழைய பாஸ்போர்ட்டை எறியவும் வேண்டாம். உங்கள் வதிவிட விசா அந்த இலக்கத்தில்தான் பதிந்திருக்கிறது. இரண்டையும் சேர்த்துக் கொண்டுபோய், அங்கே இறங்கியதும் புதிய இலக்கத்தைப் பதியச் சொல்லுங்கள்.

வீட்டில் வைத்துவிட்டுப் போன பெட்டி முழுக்கப் பூசணம். இந்தமுறை எப்படி வைப்பது? (லிந்துலை)

பூச்சி உருண்டை போட்டிருப்பீர்கள். அது பூச்சிக்குத்தான், பூசணத்துக்கு ஒன்றும் செய்யாது. துணியில் மிஞ்சிய ஈரமும் வியர்வையும்தான் காரணம். மிஸ்ட் இறங்கும் நாட்களில் கொடியில் தொட்டால் காய்ந்ததுபோல இருக்கும், தையல் மடிப்புக்குள் ஈரம் நிற்கும். கழுவி, நல்ல வெயில் நாளில் உள்புறம் வெளியே திருப்பிக் காயப்போட்டு, வீட்டுக்குள் இன்னும் ஒரு நாள் தொங்கவிட்ட பிறகே மடியுங்கள். அடுப்புக்கு மேல் காயவைத்தால் புகை வாடை அடுத்த ஒப்பந்தம் வரைக்கும் போகாது.

பெட்டியைச் சீமெந்துத் தரையிலும் வெளிச்சுவரை ஒட்டியும் வைக்காதீர்கள். பலகை போட்டு நாலு விரல் உயரத்தில், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். சிலிக்கா ஜெல் பைகள் ஐந்தாறு போதும், ஆனால் பெட்டி நன்றாக மூடினால்தான் பயன். தோல் சப்பாத்துக்குள் பத்திரிகைத் தாளை அடைத்து, வீட்டில் இருப்பவர்களிடம் மாதம் ஒருமுறை மாற்றச் சொல்லுங்கள். பழைய ஃபோன், லப்டொப் இருந்தால் பட்டரியைப் பாதியளவு சார்ஜில் நிறுத்தி வையுங்கள். முழுதாக இறங்கிய பட்டரி ஒரு வருடம் கிடந்தால் பிறகு சார்ஜ் ஏறாமலே போகலாம்.

குவைத்திலிருந்து வந்ததிலிருந்து இருமல். குளிர்தான் காரணமா? (நுவரெலியா)

இருக்கலாம். 45 பாகை வெயிலிலிருந்து கடல் மட்டத்துக்கு 1,868 மீற்றர் மேலே உள்ள ஊருக்கு வந்திருக்கிறீர்கள். கதவு, ஜன்னல் அடைத்த அறையில் விறகுப் புகையும் சேர்ந்தால் இருமல் வராமல் என்ன செய்யும்? ஆனால் இரண்டு வாரம் தாண்டினால் குளிர் என்று சொல்லிக்கொண்டிராமல் அரசாங்க மார்பு சிகிச்சை நிலையத்தில் சளிப் பரிசோதனை செய்யுங்கள், இலவசம்தான். காசநோய் என்றால் இங்கேயே மருந்து தொடங்கலாம். மறைத்துக்கொண்டு போனால் அடுத்த மருத்துவப் பரிசோதனையின் எக்ஸ்ரேயில் பிடிபட்டு வேலையும் போகும்.

ஆபிரிக்க நாடுகளிலிருந்து வந்தவர்களுக்குக் காய்ச்சல் கண்டால், டொக்டர் கேட்காவிட்டாலும் எந்த நாட்டில் இருந்தீர்கள் என்று சொல்லிவிடுங்கள். 2016இல் இலங்கை மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்துவிட்டது. அதனால் இங்கே காய்ச்சல் என்றதும் டெங்குதான் முதலில் நினைவுக்கு வரும். சில வகை மலேரியா வந்து மாதங்கள் கழித்தும் தலைகாட்டும்.

லீவிலேயே வீட்டுக்கு ஓர் அறை கூட்டிக் கட்டலாமா? (தலவாக்கலை)

மே முதல் செப்டெம்பர் வரை உங்கள் பக்கம் தென்மேல் மழை. ஜனவரி, பெப்ரவரி, மார்ச் வேலைக்கு நல்ல மாதங்கள். பதுளைப் பக்கத்துக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, அங்கே ஆண்டு முடிவிலும் ஜனவரியிலும்தான் மழை கனக்கும்.

லயத்தை (தோட்டத்து வரிசை வீடுகளை) ஒட்டிக் கட்டுவதென்றால் தோட்ட நிர்வாகத்தின் எழுத்து மூல அனுமதி வேண்டும். சரிவில் மண் வெட்டுவதென்றால் பிரதேச சபை தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் சிபாரிசைக் கேட்கும். இரண்டு மாத லீவில் அனுமதியும் கட்டுமானமும் சேர்ந்து முடிவது அபூர்வம். இந்த லீவில் அனுமதியை எடுங்கள், அடுத்த லீவில் கட்டுங்கள். நீங்கள் இல்லாதபோது மேசன் பாசுக்கு மொத்தப் பணத்தையும் கொடுத்துவைப்பது சண்டைக்குத்தான் வழி. அத்திவாரம், சுவர், கூரை என்று பிரித்து, ஒவ்வொன்றும் முடிந்த படம் வந்த பிறகே அடுத்த தவணையை அனுப்புங்கள்.

திரும்பும் நாளில் ஹட்டனிலிருந்து எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும்? (மஸ்கெலியா)

மழைக்காலமென்றால் முதல் நாளே. கினிகத்தேனை, கித்துல்கல வழியில் மண்சரிந்தால் கண்டியைச் சுற்ற வேண்டிவரும், அந்தப் பக்கம் கடுகண்ணாவையிலும் மண் சரியும். நீர்கொழும்பில் ஓர் இரவு தங்கும் செலவு, தவறிய டிக்கெட்டை மாற்றும் செலவோடு பார்த்தால் சிறியது. வெயில் காலமென்றாலும் விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்பே கட்டுநாயக்கவில் நிற்கும்படி பின்னோக்கிக் கணக்கிட்டு, அதற்கு மேல் இரண்டு மணி நேரத்தைக் கையில் வையுங்கள். பாஸ்போர்ட் இரண்டும், பணியகப் பதிவும், லீவு ஈமெயிலின் பிரதியும் பெரிய பெட்டிக்குள் போகக்கூடாது, கைப்பையில் இருக்கட்டும்.