விஞ்ஞானம் படிக்க மகளைக் கண்டிக்கு அனுப்பலாமா?

நுவரெலியா மாவட்டத்தில் மஸ்கெலியாவுக்கு அப்பாலுள்ள ஒரு தோட்டத்திலிருந்து தந்தை ஒருவர் எழுதியிருக்கிறார். அவருடைய மகள் சாதாரணதரத்தில் கணிதத்திலும் விஞ்ஞானத்திலும் ஏ சித்தி பெற்றிருக்கிறாள். அருகிலுள்ள பாடசாலையில் உயர்தரத்துக்குக் கலை, வர்த்தகப் பிரிவுகள் மட்டுமே உண்டு. கண்டியில் இருக்கும் சித்தப்பா வீட்டில் தங்கி விஞ்ஞானம் படிக்க மகள் விரும்புகிறாள். உறவினர்களோ, "கலைப் பிரிவு எடுத்தால் சுலபமாகக் கெம்பஸ் போய்விடலாம், வீண் செலவு எதற்கு?" என்கிறார்கள். எதைச் செய்வது என்பது அவருடைய கேள்வி.

முதலில் அந்த "சுலபம்" என்ற பேச்சைப் பார்ப்போம். பல்கலைக்கழக அனுமதி பாடப் புள்ளிகளைக் கூட்டிப் பார்த்து வழங்கப்படுவதில்லை. 2001 முதல் இசட் புள்ளியே கணக்கில் எடுக்கப்படுகிறது. ஒரு பாடத்தில் மாணவர் பெற்ற புள்ளி, அப்பாடத்துக்குத் தோற்றிய அனைவரின் சராசரியிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பதையே அது அளக்கிறது. உதாரணத்துக்கு, சராசரி 40, நியம விலகல் (புள்ளிகள் சராசரியைச் சுற்றி எவ்வளவு பரந்திருக்கின்றன என்பதன் அளவு) 15 ஆக உள்ள ஒரு பாடத்தில் 70 எடுத்தால் இசட் புள்ளி 2. சராசரி 60, நியம விலகல் 10 ஆக உள்ள இன்னொரு பாடத்தில் அதே 70 எடுத்தாலும் கிடைப்பது 1 மட்டுமே. எல்லோரும் அள்ளிக்கொள்ளும் பாடத்தில் நாமும் அள்ளிக்கொள்வதால் பெரிய நன்மை இல்லை. இதற்கு மேல், கலைப் பிரிவு மாணவர்கள் மாவட்ட ஒதுக்கீடின்றி அகில இலங்கைத் தகுதி வரிசையிலேயே தெரிவுசெய்யப்படுகிறார்கள். அதாவது, தோட்டப் பாடசாலையில் படித்த பிள்ளையும் கொழும்பில் படித்த பிள்ளையும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். இலக்கியத்திலோ வரலாற்றிலோ உண்மையான ஈடுபாடுள்ள பிள்ளை கலைப் பிரிவை எடுக்கட்டும். சுலபம் என்பதற்காக எடுப்பது மட்டும் கணக்குக்கு ஒத்துவராது.

ஆகவே உங்கள் மகள் விஞ்ஞானம் படிக்கலாம் என்பதே என் கருத்து. ஆனால் கண்டியா என்பது வேறு கேள்வி. பெற்றோர் பலர் கவனிக்காமல் விடுவது இங்கேதான். விஞ்ஞானப் பிரிவுப் பட்டப்படிப்புகளில் பொதுவாக 40 சதவீத இடங்கள் அகில இலங்கைத் தகுதி வரிசையிலும், 55 சதவீதம் மாவட்டங்களுக்கு அவற்றின் சனத்தொகை விகிதப்படியும், 5 சதவீதம் கல்வியில் பின்தங்கியவையெனக் கொள்ளப்படும் மாவட்டங்களுக்கு மேலதிகமாகவும் நிரப்பப்படுகின்றன. அந்தப் பின்தங்கிய மாவட்டங்களின் பட்டியலில் நுவரெலியாவும் பதுளையும் இருக்கின்றன, கண்டி இல்லை. ஒரு பிள்ளை எந்த மாவட்டத்தைச் சேர்ந்தவர் என்பதைப் பிறந்த இடமோ தகப்பனின் விலாசமோ தீர்மானிப்பதில்லை. பரீட்சைக்கு முந்தைய மூன்று ஆண்டுகளில் படித்த பாடசாலை எங்கே இருக்கிறது என்பதே தீர்மானிக்கிறது. உயர்தரம் முழுவதையும் கண்டியில் படித்தால், உங்கள் மகள் கண்டி மாவட்ட மாணவியாகவே கணிக்கப்பட நேரும். நுவரெலியாவுக்குரிய வெட்டுப்புள்ளியும் (அனுமதிக்குத் தேவையான ஆகக்குறைந்த இசட் புள்ளி) அந்த 5 சதவீத வாய்ப்பும் கைநழுவிப் போகும். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஆண்டுதோறும் வெளியிடும் மாணவர் கைநூலில் இந்த விதி இருக்கிறது. முடிவெடுப்பதற்கு முன் அதை வரிக்கு வரி வாசித்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் கண்டிக்கு அனுப்பவே கூடாதா என்றால், அப்படியும் சொல்லமாட்டேன். மாவட்ட ஒதுக்கீடு பிள்ளைக்குப் பாடம் கற்பிக்காது. ஆசிரியர் இல்லாத வகுப்பில் இரண்டு ஆண்டுகள் இருந்துவிட்டுப் பௌதிகவியலில் சித்தியே பெறாத பிள்ளைக்கு எந்த மாவட்டத்து வெட்டுப்புள்ளியாலும் பயனில்லை. எனவே முதலில், நுவரெலியா மாவட்டத்துக்குள்ளேயே இருக்கும் ஹட்டனைப் பாருங்கள். ஹைலன்ட்ஸ் கல்லூரி போன்ற, விஞ்ஞானப் பிரிவுள்ள தமிழ்மொழிப் பாடசாலை அங்கே இருக்கிறது. அதிபரிடம் வெட்கப்படாமல் கேளுங்கள்: உயிரியலுக்கும் இரசாயனவியலுக்கும் பௌதிகவியலுக்கும் நிரந்தர ஆசிரியர்கள் இருக்கிறார்களா, கடந்த ஆண்டு பாடத்திட்டம் எந்த மாதத்தில் முடிந்தது, ஆய்வுகூடத்தில் பிள்ளைகள் தம் கையால் செய்முறை செய்கிறார்களா? மூன்று பாடத்துக்கும் ஆள் இருந்தால் ஹட்டனே மேல். ஒரு பாடத்துக்கு மட்டும் ஆள் இல்லையென்றால் சனி, ஞாயிறு டியூசனால் சமாளிக்கலாம். இரண்டு பாடங்களுக்கு இல்லையென்றால் கண்டியைப் பற்றி யோசிப்பதில் நியாயம் இருக்கிறது.

மஸ்கெலியாவிலிருந்து ஹட்டனுக்கு நாள்தோறும் பஸ்ஸில் போய் வருவதில் பிள்ளைக்குச் சில மணித்தியாலங்கள் கரைந்துவிடும். சித்தப்பா வீட்டுக்கென்று நினைத்த பணத்தில் ஹட்டன் நகரிலேயே நம்பிக்கையான இடமொன்றில் தங்கவைக்க முடியுமா என்று பாருங்கள். லயத்தில் ஓர் அறையில் ஐந்து பேர் இருக்கும்போது இரவுப் படிப்பு எவ்வளவு கடினம் என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

படிக்கும் முறையைப் பற்றி இரண்டு விடயங்கள் மட்டும். கடந்தகால வினாத்தாள்களைப் பரீட்சைக்கு மூன்று மாதம் இருக்கும்போது எடுக்காமல், ஒவ்வோர் அலகும் முடிந்தவுடனேயே அந்த அலகுக்குரிய வினாக்களைச் செய்து பார்க்க வேண்டும். மற்றது ஆங்கிலம். உயர்தரத்தைத் தமிழில் எழுதலாம். ஆனால் மருத்துவம், பொறியியல், விஞ்ஞானம் ஆகியவை பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்திலேயே கற்பிக்கப்படுகின்றன. திறமையான மலையகப் பிள்ளைகள் முதலாம் ஆண்டில் தடுமாறுவது பாடத்தால் அல்ல, விரிவுரையின் மொழியால்தான் என்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். பரீட்சை முடிந்து பல்கலைக்கழகம் திறக்கும்வரை நீளும் மாதங்களை முழுக்க ஆங்கிலத்துக்கே கொடுத்துவிடலாம்.

விண்ணப்பிக்கும் காலம் வரும்போது ஒன்றை நினைவில் வையுங்கள்: விருப்பத் தெரிவுகளை மகள் உண்மையாக விரும்பும் வரிசையிலேயே எழுத வேண்டும். பெற்ற புள்ளிக்கு எட்டுகிற தெரிவுகளில் மேலே இருப்பதே கிடைக்கும் என்பதால், எட்டாத ஒன்றை முதலில் எழுதுவதால் கீழுள்ளது பறிபோகாது. பயந்துபோய்ப் பிடிக்காத ஒன்றை மேலே எழுதினால்தான் அதிலேயே மாட்டிக்கொள்வாள். உயிரியல் என்றவுடன் மருத்துவம் ஒன்றையே எல்லோரும் நினைக்கிறோம். விவசாயம், தாதியியல், உணவு விஞ்ஞானம் எல்லாம் அதே பிரிவினருக்குத் திறந்திருக்கும் வழிகள். பதுளையில் உள்ள ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகத்தில் தேயிலைத் தொழினுட்பத்தையே பட்டப்படிப்பாகக் கற்கலாம். கொழுந்து பறிக்கும் வீட்டுப் பிள்ளை அதையும் ஒருமுறை விசாரித்துப் பார்ப்பது தகும்.

செலவைப் பற்றிய உங்கள் பயம் நியாயமானது. அரச பல்கலைக்கழகத்தில் முதற் பட்டத்துக்குக் கற்பித்தல் கட்டணம் இல்லை; மஹாபொல புலமைப்பரிசில் அல்லது நிதியுதவிக்கு விண்ணப்பிக்கலாம். தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகளுக்கு இந்திய உயர்ஸ்தானிகராலயத்தின் ஊடாக வழங்கப்படும் புலமைப்பரிசில் உயர்தர மாணவருக்கும் உண்டு என்பதால், அந்த அறிவித்தலை இப்போதிருந்தே கவனித்து வாருங்கள். இவற்றுக்கெல்லாம் வருமானத்தைக் காட்ட வேண்டியிருக்கும். உங்கள் இருவரின் சம்பளச் சிட்டைகளையும் மாதாமாதம் ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள். தரம் 12 அனுமதி முடிவதற்குள் ஹட்டனுக்கு நேரில் போய் வாருங்கள், மகளையும் கூட்டிக்கொண்டு.