ஐடியா கேட்டால் யாரும் வாய் திறப்பதில்லையே?

கேள்வி: ஓசூரில் வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றின் பிரஸ் ஷாப்பில் (உலோகத் தகட்டை அழுத்தி வடிவம் கொடுக்கும் பிரிவு) 11 பேருக்கு லீடராக இருக்கிறேன். வாராவாரம் மீட்டிங் போட்டு யோசனை கேட்டால் எல்லாரும் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். டீக்கடையில் மட்டும் அதே ஆட்கள் பிளந்து கட்டுகிறார்கள். ஏற்காட்டில் 2 நாள் ‘டீம் பில்டிங்’ முகாமுக்கு அனுப்பலாம் என்கிறது ஹெச்.ஆர். பலன் இருக்குமா?

பதில்: இருக்காது. டீக்கடையில் பேசுகிறவர்களுக்குப் பேசக் கற்றுத்தர ஏற்காடு எதற்கு? உங்கள் மீட்டிங்கை மாற்றுங்கள்.

11 பேர் கூடினால் ஒருவர் பேச 10 பேர் காத்திருக்க வேண்டும். அதற்குள் பாதி மறந்துபோகும். மீதி, ‘சிரிப்பார்களோ’ என்று தொண்டையிலேயே நின்றுவிடும். 1958-இலேயே அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்தார்கள். நான்கு பேர் கூடிப் பேசியதைவிட, நான்கு பேர் தனித்தனியே யோசித்ததைச் சேர்த்தபோது ஏறத்தாழ இரு மடங்கு யோசனைகள் கிடைத்தன.

ஆகவே 5, 6 பேராகப் பிரியுங்கள். மீட்டிங் அறை வேண்டாம், மெஷின் பக்கத்திலேயே ஷிப்ட் மாறும் நேரத்தில் 15 நிமிடம் போதும். ‘ரிஜெக்‌ஷனை எப்படிக் குறைக்கலாம்?’ என்று கேட்காதீர்கள். ‘டை (அச்சு) மாற்றியதும் வரும் முதல் 10 பீஸில் பிசிறு ஏன்?’ என்று கேளுங்கள். 5 நிமிடம் யாரும் பேசாமல் சீட்டில் எழுதட்டும், பெயர் வேண்டாம். சீட்டுகளைக் கலந்து ஒரு அப்ரெண்டிஸ் வாசிக்கட்டும். பிறகு ஒருவர் சொன்னதன்மேல் இன்னொருவர் சேர்த்துப் பேசட்டும். நீங்கள் கடைசியில்தான் வாய் திறக்க வேண்டும். லீடர் முதலில் கருத்துச் சொன்னால் மற்றவர்கள் அதற்கு ஆமாம் போடுவார்கள், அவ்வளவுதான். ஒப்பந்தத் தொழிலாளர்களையும் உட்கார வையுங்கள். டையைத் தினமும் தொடுகிறவர்கள் அவர்கள்தான்.

முகாம் நடத்துபவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். கயிறு இழுப்பு, கண்ணைக் கட்டி நடப்பது, கடைசியில் ஒரு சான்றிதழ், குரூப் போட்டோ. பலர் பாதிப் பணத்தை முன்பணமாகக் கேட்பார்கள். ‘3 மாதம் கழித்து ஷாப்பில் எது மாறியிருக்கும்?’ என்று எழுதித் தரச் சொல்லுங்கள், பேச்சு மாறிவிடும். சிலர் இடைத்தரகர்கள், ரிசார்ட்டில் கமிஷன் பார்ப்பவர்கள்.

‘மாதம் தலைக்கு 2 ஐடியா’ என்ற இலக்கும் அதே ரகம். ஆடிட்டுக்குக் கணக்குக் காட்ட ‘குப்பைத்தொட்டியை நகர்த்தலாம்’ என்று எழுதித் தள்ளுவார்கள். உருப்படியான யோசனையோ மூன்று கையெழுத்துக்காக மேஜைமேஜையாய் அலையும். இந்தப் படிவங்களை யார்தான் ஒழிப்பார்களோ! சிறந்த யோசனைக்குத் தனிநபர் ரொக்கப் பரிசும் வேண்டாம். ஒருவர் தன் அரைகுறை யோசனையை மற்றவரிடம் சொல்லாமல் மறைத்துக்கொள்வார்.

வரும் யோசனைகளை உடனே செய்துபார்க்க விடுங்கள். அந்தச் சுதந்திரத்துக்கு ஒரு விலக்கு உண்டு: பாதுகாப்பு. பிரஸ்ஸில் இரண்டு கையாலும் அழுத்தும் பட்டன் இருப்பது, டை இறங்கும்போது எந்தக் கையும் உள்ளே இருக்கக்கூடாது என்பதற்காக. ‘ஒரு பட்டனை டேப் ஒட்டி அமுக்கிவிட்டால் வேகம் கூடும்’ என்று ஒரு சீட்டு வரலாம். லைட் கர்ட்டனை (கை குறுக்கே வந்தால் பிரஸ்ஸை நிறுத்தும் ஒளித்திரை) அணைக்கலாம் என்றும் வரலாம். ஒரே ஒரு பீஸுக்குக்கூட முயலக்கூடாது, யார் சொன்னாலும் சரி. போன விரல் திரும்பி வராது. ஆனால் எழுதியவரைத் திட்டாதீர்கள். அந்த ஸ்டேஷனில் வேக நெருக்கடி இருக்கிறது என்று அவர் சொல்கிறார். அந்த நெருக்கடி எங்கிருந்து வருகிறது என்பதே அடுத்த வாரக் கேள்வி.

ஒவ்வொரு சீட்டுக்கும் 3 நாளுக்குள் பதிலைப் போர்டில் எழுதுங்கள்: செய்கிறோம், செய்யவில்லை, ஏன். சிறு சோதனைகளுக்கு உங்கள் கையெழுத்திலேயே மாதம் 2,000 ரூபாய் செலவழிக்க அனுமதி கேளுங்கள். முகாமுக்கு ஒதுக்கிய பணம் இருக்கிறதே, அதிலிருந்தே கேளுங்கள்.