மரப்பு ஊசியின் நேரத்தை நீட்டலாமா?

கேள்வி: எங்கள் சிப்பிப்பாறை நாய்க்குப் பின்னங்காலில் எலும்பு முறிவு அறுவைச் சிகிச்சை நடக்கவிருக்கிறது. கால் பகுதியை மட்டும் மரக்கச் செய்யும் ஊசியின் பலன் இரவுவரை நீடிக்க வழியுண்டா? (வாசகர், காரைக்குடி)

பதில்: உண்டு. மரப்பு மருந்துகளில் லிடோகெய்ன் 1 முதல் 2 மணி நேரமும், புபிவகெய்ன் ஏறத்தாழ 4 முதல் 6 மணி நேரமும் வலியைத் தடுக்கும்; நேரம் கூடட்டும் என்று மருந்தின் அளவை ஏற்றிவிட முடியாது, ஏனெனில் அளவு மீறிய புபிவகெய்ன் இதயத்தையே தாக்கும். ஆகவே அதனுடன் டெக்ஸ்மெடிடோமிடின் என்ற அமைதிப்படுத்தும் மருந்தைச் சிறிதளவு கலந்து நரம்பருகே செலுத்துவதுண்டு. மரப்பு மேலும் சில மணி நேரம் நீடிக்கும் என்றாலும், இதயத் துடிப்பு குறையக்கூடும் என்பதால் தொடர்ந்த கண்காணிப்பு வேண்டும். தண்டுவட உறைக்கு வெளியே செலுத்தும் மார்ஃபின் 12 முதல் 24 மணி நேரம்வரை வலியைத் தணிக்கும். அதனால் சிறுநீர் தடைபடக்கூடும் என்பதால், அப்போது சிறுநீர் பிரிகிறதா என்று பாருங்கள். மரத்த கால் ஆத்தங்குடிக் கல் தரையில் எளிதில் வழுக்கிவிடும். ஜமுக்காளம் விரித்துப் படுக்க வையுங்கள்.