சேலத்துக்கு முதலில் ஒரு நாடகம் வரட்டும்

அன்புள்ள ஐயா,

நான் சேலம் அம்மாப்பேட்டையில் இருக்கிறேன். அரசுப் பள்ளி ஆசிரியை. திருச்சூர் சர்வதேச நாடக விழா பற்றி நீங்கள் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, இந்த முறை தம்பியைத் துணைக்கு அழைத்துக்கொண்டு போய்வந்தேன். கேரள சங்கீத நாடக அகாடமி வளாகத்தில் அத்தனை கூட்டத்தை நான் எதிர்பார்க்கவில்லை. கல்லூரிப் பிள்ளைகள், வேட்டி கட்டிய பெரியவர்கள், கைக்குழந்தையோடு வந்தவர்கள் என்று எல்லோரும் வரிசையில் நின்றார்கள்.

ஆனால் ஒரு வருத்தம். எனக்குத் தெரியாத மொழியில் நடந்த நாடகம் ஒன்றில், மேடைக்கு மேலே ஓடிய மொழிபெயர்ப்பு எழுத்தையே முக்கால்வாசி நேரம் படித்துக்கொண்டிருந்தேன். வெளியே வந்தபோது நான் நாடகம்தான் பார்த்தேனா என்று சந்தேகமாகிவிட்டது. திரும்பி வந்து பள்ளியில் இதைப் பற்றிப் பேசினேன். “இப்படி ஒரு விழா நம்ம சேலத்துக்கும் வந்தால் எப்படி இருக்கும்!” என்றேன். உடன் வேலை செய்யும் ஆசிரியர் ஒருவர், “நம்ம ஊர் ஜனங்க இதுக்கெல்லாம் உட்கார மாட்டாங்க டீச்சர்” என்று சொல்லிவிட்டார். அவர் சொல்வது சரிதானா?

அன்புடன்,
ஒரு வாசகி

அன்புள்ள ஆசிரியைக்கு,

உங்கள் சக ஆசிரியர் சொன்னதை என்னால் ஏற்க முடியவில்லை. அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

சேலத்து ஜனங்கள் உட்கார மாட்டார்களா? ஓமலூர், மேச்சேரி, மேட்டூர் பக்கத்துக் கிராமங்களில் திருவிழாக் கூத்து இரவில் தொடங்கினால் விடியவிடிய நடக்கும். கொட்டும் பனியில் பாயை விரித்துப் போர்வையைச் சுற்றிக்கொண்டு ஊரே உட்கார்ந்திருக்கும். திரைப் பிரவேசத்தை நினைத்துப் பாருங்கள். இரண்டு பேர் ஒரு துணியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். அதற்கு மேலே கிரீடத்தின் நுனி மட்டும் தெரியும். கீழே சலங்கைக் கால் தெரியும். உள்ளே இருப்பவர் தன் பெருமையைத் தானே பாடுவார், துணி குலுங்கும், மிருதங்கம் ஏறும். ஆள் மட்டும் வெளியே வர மாட்டார். தூங்குகிற பிள்ளையை “டேய் எந்திரி, துரியோதனன் வர்றான்” என்று அம்மா உலுக்குவாள். ஒரு நடிகனின் முகத்தைப் பார்க்க இவ்வளவு நேரம் பொறுமையாகக் காத்திருக்கிறவர்களைப் போய் உட்கார மாட்டார்கள் என்று எப்படிச் சொல்வது? துக்க வீட்டுக் காரியத்தில் கர்ண மோட்சக் கூத்து வைக்கிற பகுதி இது. கர்ணன் சாகப்போவது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தேதான் விடியும்வரை இருந்து அழுகிறார்கள்.

ஆகவே பார்வையாளர்கள் இருக்கிறார்கள். இல்லாதது வேறு. அதைப் பிறகு சொல்கிறேன்.

மேலே ஓடும் எழுத்தைப் பற்றி நீங்கள் சொன்ன வருத்தத்துக்கும் கூத்துக்களத்திலேயே பதில் இருக்கிறது. கூத்துப் பாட்டில் எல்லா வரியும் யாருக்கும் புரிவதில்லை. முகவீணையும் ஆர்மோனியமும் சேர்ந்து ஒலிக்கும்போது பாதிச் சொல் காற்றோடு போய்விடும். அதனால் கூத்தை யாரும் விட்டுவிட்டுப் போவதில்லை, ஏனென்றால் கதை முன்பே தெரியும். வெளிநாட்டு நாடகத்துக்கும் அதே வழிதான். விழாக் கையேட்டில் கதைச்சுருக்கம் இருக்கும், உள்ளே போவதற்கு முன் நிதானமாகப் படித்துவிடுங்கள். தெரிந்த பழைய நாடகமாக இருந்தால் கதையை வீட்டிலேயே படித்துவிட்டுப் போகலாம். முதல் சில நிமிடங்கள் எழுத்தைப் பாருங்கள், யார் யாருக்கு என்ன உறவு என்று பிடிபடும். அப்புறம் அதை விட்டுவிட்டு நடிகரின் காலைப் பாருங்கள். அடவு தப்பினால் எங்கள் பக்கத்துக் கிழவிகள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள், அந்தக் கண் உங்களுக்கும் இருக்கும். முன்வரிசைக்கு மட்டும் போகாதீர்கள். எழுத்தைப் பார்க்கக் கழுத்தை அண்ணாந்துகொண்டே இருக்க வேண்டியிருக்கும். நடுவில், சற்றுப் பின்னால் உட்கார்ந்தால் இரண்டும் ஒரே பார்வையில் விழும். ஒரு நாளைக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு நாடகம் போதும்.

காலைப் பற்றிச் சொன்னதும் தடாஷி சுசுகியின் நினைவு வருகிறது. நடிகர்களைத் தரையில் ஓங்கி மிதிக்க வைத்து, இடுப்புக்குக் கீழே இருக்கும் பலத்திலிருந்து குரலை எடுக்கப் பயிற்றுவித்த ஜப்பானிய இயக்குநர். 1976இல் அவர் டோக்கியோவை விட்டுத் தன் குழுவோடு தோகா என்ற மலைக்கிராமத்துக்குப் போனார். குளிர்காலத்தில் ஆள் உயரத்துக்கும் மேல் பனி விழும் ஊர். கூரை செங்குத்தாகச் சரிந்த ஒரு பழைய புல்வேய்ந்த வீட்டை அரங்கமாக்கிக்கொண்டு நாடகம் போட்டார்கள். 1982இல் ஜப்பானின் முதல் சர்வதேச நாடக விழா அங்கேதான் நடந்தது. குளக்கரையில் ஒரு திறந்தவெளி அரங்கமும் கட்டினார்கள். வரைபடம் போட்டவர் கட்டிடக் கலைஞர் அராட்டா இசோசாகி. 1995இல் கிரேக்கத்தின் டெல்ஃபியில் தொடங்கி நாடு நாடாகப் போகும் தியேட்டர் ஒலிம்பிக்ஸ் நாடக விழா 2019இல் அந்தக் கிராமத்துக்கே வந்தது. இன்று ஆயிரம் பேர்கூட அங்கே வசிக்கவில்லை.

இதைப் படித்ததும் உங்களுக்கு ஏற்காடு ஞாபகம் வந்திருக்கும். எனக்கும் வந்தது. மலை இருக்கிறது, ஏரி இருக்கிறது, 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் மேகம் இருக்கிறது. மே மாதக் கோடை விழாவுக்கு மேடையும் போடுகிறார்கள். இருந்தாலும் நாடக விழாவை அங்கே தொடங்கச் சொல்ல மாட்டேன். கோடை விழாவுக்கு வருகிறவர்கள் மலர்க்கண்காட்சி பார்த்துவிட்டு, படகில் போய்விட்டு, இருட்டுவதற்குள் மலை இறங்கப் பார்ப்பார்கள். இரவு ஒன்பது மணிக்கு முடியும் நாடகத்துக்கு யாரை உட்கார வைப்பது? தோகாவில் விழா முதலில் வரவில்லை. ஒரு குழு ஆறு வருடம் அங்கேயே குடியிருந்து நாடகம் போட்ட பிறகுதான் வந்தது. இந்த வரிசையை மாற்றிச் செய்த ஊர்களில், பந்தலைப் பிரித்ததும் விழாவும் மறந்துபோகிறது.

பெரிய விழாக்கள் புது ஊர்களைத் தேடித்தான் போகின்றன. 2018இல் தியேட்டர் ஒலிம்பிக்ஸ் இந்தியாவுக்கு வந்தபோது 17 நகரங்களில் நாடகங்கள் நடந்தன, சென்னையும் அதில் ஒன்று. தேசிய நாடகப் பள்ளி 1999இல் தொடங்கிய பாரத் ரங் மகோத்சவ் நாடக விழாவும் டெல்லியோடு நிற்காமல் வெளியூர்களுக்குப் போகிறது. அப்படிப் போகிற ஊரில் அவர்கள் முதலில் கேட்பது அரங்கத்தைத்தான். நம்மூரில் பெரும்பாலும் கல்யாண மண்டபம்தான் கிடைக்கும். மணமேடைக்கென்று கட்டிய ஆழமில்லாத மேடை, விளக்கு தொங்கவிட மேலே ஒரு குழாய்கூட இருக்காது. ஜன்னல் வழியாக வெளிச்சமும் ஹாரன் சத்தமும் உள்ளே வரும். வெளிநாட்டுக் குழு ஒன்று வந்தால் விளக்கைக் கட்டி, ஒவ்வொரு காட்சிக்கும் வெளிச்சத்தைச் சரிபார்த்து, ஒரு முறை ஓடவிட்டுப் பார்க்க முழுதாக ஒரு நாளாவது வேண்டும். மண்டபத்திலோ முந்தின நாள் வரவேற்பு முடிந்து நாற்காலி எடுக்கவே நள்ளிரவு ஆகிவிடும். சேலத்தில் இல்லாதது என்று நான் சொன்னது இதைத்தான். ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு நிற்கிறது. 1935இல் தொடங்கிய சினிமாக் கம்பெனி அது, நாடக நடிகர்கள் எத்தனையோ பேருக்குச் சோறு போட்டது. அப்படிப்பட்ட ஊரில் நாடகத்துக்கென்று நல்ல இருட்டான ஒரு அறை இருக்க வேண்டாமா? பெரிய கட்டிடம் தேவையில்லை. சுவர் முழுக்கக் கறுப்புப் பூசி, மேலே இரும்புக் குழாய் ஓட்டி, மும்முனை மின்சாரம் இழுத்து, 200 பேர் உட்காரும் கூடம் போதும். ஓடாத விசைத்தறிக் கொட்டகை ஒன்று கிடைத்தால்கூடச் செய்யலாம்.

அதனால் ஒரு முழு விழா வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். ஒரே ஒரு நாடகத்தைக் கேளுங்கள். 1947இல் பிரெஞ்சு இயக்குநர் ஜான் விலார் பாரிஸிலிருந்து தெற்கே இருக்கும் அவின்யோன் என்ற ஊருக்குப் போய் மூன்றே நாடகங்களைத்தான் போட்டார். இன்று உலகமே போகிற விழா அங்கிருந்து வளர்ந்ததுதான். சேலத்துக்கு ஒரு நல்ல வசதி உண்டு. கொச்சிக்குப் போகும் 544ஆம் எண் நெடுஞ்சாலை சேலத்தில் தொடங்கித் திருச்சூர் வழியாகத்தான் போகிறது. திருச்சூரிலிருந்து சென்னைக்கோ பெங்களூருக்கோ போகும் ரயிலும் பெரும்பாலும் சேலத்தில் நின்றுதான் போகும். கடல் கடந்து திருச்சூர் வரை வந்துவிட்ட குழுவுக்கு விமானச் செலவு ஏற்கெனவே முடிந்துவிட்டது. இன்னும் ஒரு பகல் லாரிப் பயணம், ஓர் இரவுத் தங்கல், சாப்பாடு, இவ்வளவுதான் புதிதாகச் செலவு. ஆனால் தேதியை விழாவுக்குப் பல மாதம் முன்பே பேசி முடித்துவிட வேண்டும். நிகழ்ச்சி நிரல் அச்சான பிறகு கேட்டால் ஒன்றும் நடக்காது.

அதோடு நம்மூர்க் கூத்துக் குழு ஒன்றையும் அதே இரவில் ஆடச் சொல்லுங்கள். வரவேற்புக்காகப் பத்து நிமிடம் ஆடவிட்டு இறக்கிவிடும் வேலை கூடாது. சாயங்காலம் அவர்கள் நாடகம், இரவெல்லாம் நம் கூத்து. வெளிநாட்டு நடிகர்கள் பாயில் உட்கார்ந்து பார்க்கட்டும். யாரைக் கூப்பிடுவது என்று தெரியாவிட்டால், ‘மணல்வீடு’ இதழ் நடத்தும் மு. ஹரிகிருஷ்ணனைக் கேளுங்கள். மேட்டூர்ப் பக்கத்துக் கூத்துக் கலைஞர்களுக்காகப் பல வருடங்களாக உழைக்கிறவர். கூலி விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். விருந்தாளிக் குழுவுக்குக் காசோலையும் நம் ஆட்களுக்குச் சால்வையும் கொடுப்பதாக இருந்தால் இதைத் தொடங்கவே வேண்டாம்.

அடுத்த முறை திருச்சூர் போகும்போது உங்கள் சக ஆசிரியரையும் கூட்டிக்கொண்டு போங்கள். நாடகம் முடிந்ததும் அகாடமி அலுவலகத்தில் குழுக்களின் பயணப் பொறுப்பைப் பார்ப்பவர் யார் என்று விசாரித்து, சேலத்திலிருந்து வருகிறோம் என்று சொல்லி, ஒரு கூடத்தின் அளவும் புகைப்படமும் கொடுத்துவிட்டு வாருங்கள். கடிதம் எழுத வேண்டுமென்றால் நான் எழுதித் தருகிறேன்.

அன்புடன்