காகிதத்தை வாங்கினால்தானே காது கொடுப்பார்கள்?

கேள்வி: என் கணவர் ஏட்டு. அரசு மருத்துவமனை வார்டில் காவலில் இருந்தபோது கைதி தப்பிவிட்டான். கணவரை சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள். விசாரிக்காமலே டிஸ்மிஸ் செய்ய முடியும் என்று கூட வேலை பார்ப்பவர்கள் பயமுறுத்துகிறார்கள். ஸ்டேஷனிலிருந்து இரண்டு முறை ஏதோ காகிதம் கொண்டுவந்தார்கள். ஏழாவது படிக்கும் என் மகன், அப்பா ஊரில் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டான். எம்.எல்.ஏ.வைப் பார்க்கலாம் என்கிறார் சின்ன மாமனார். வேலை தப்புமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: பையனை வாசலில் நிறுத்திப் பொய் சொல்ல வைத்துவிட்டு, அதைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். உள்ளே உட்கார்ந்திருந்தவர் யார்? ஊரெல்லாம் சம்மன் கொண்டுபோய்க் கொடுத்தவர், ஆள் சிக்காத வீட்டில் கதவில் ஒட்டிவிட்டு வந்தவர். தன் வீட்டுக் கதவில் மட்டும் ஒட்ட மாட்டார்கள் என்று நினைத்தாரா?

அந்தக் காகிதம் பெரும்பாலும் 3(பி) சார்ஜ் மெமோ, அதாவது போலீஸ் ஒழுங்கு நடவடிக்கை விதி 3(பி)-யின் கீழ் குற்றச்சாட்டை எழுதிக் கொடுத்துப் பதில் கேட்கும் காகிதம். அவருக்கு அதுதான் பாதுகாப்பே. அரசியல் சட்டத்தின் 311-வது பிரிவுப்படி, குற்றச்சாட்டைத் தெரிவித்து, பதில் சொல்ல நியாயமான வாய்ப்புக் கொடுத்து விசாரித்த பிறகுதான் டிஸ்மிஸ் செய்யலாம். நியமித்த அதிகாரிக்குக் கீழே இருப்பவர் அதைச் செய்யவும் முடியாது.

கூட இருப்பவர்கள் சொல்வது முழுப் பொய்யில்லை. கிரிமினல் வழக்கில் தண்டனை ஆனாலோ, நாட்டின் பாதுகாப்பு என்றாலோ, விசாரணை நடத்தவே வழியில்லை என்று அதிகாரி காரணத்தை எழுதி வைத்தாலோ விசாரணை தேவையில்லை. 1985-ல் துளசிராம் படேல் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை ஏற்றது. விசாரணையைத் தட்டிக்கழிக்க இதைப் பயன்படுத்தக் கூடாது என்றும் அதிலேயே சொன்னது. உங்கள் விஷயத்தில் வார்டு நர்ஸ் இருக்கிறார், டூட்டி ரிஜிஸ்டர் இருக்கிறது. விசாரிக்க வழியில்லை என்று எழுதுவது கஷ்டம்.

ஆனால் ஒளிந்துகொண்டால் அந்தச் சிரமமே அவர்களுக்கு வேண்டாம். மெமோவை ஒட்டிவிட்டு, அவர் இல்லாமலே விசாரணையை முடித்து, ‘வாய்ப்புக் கொடுத்தோம், வரவில்லை’ என்று கோப்பில் எழுதிவிடுவார்கள். பிறகு உயர் நீதிமன்றம் போனாலும் ஏன் வரவில்லை என்றுதான் முதலில் கேட்பார்கள்.

புருஷனுக்குத் துணை நிற்பது மனைவியின் கடமை என்று நம்புகிறவள் நான். கதவுக்குப் பின்னால் ஒளிய அவருக்கு இடம் கொடுப்பதை அந்தக் கணக்கில் சேர்க்க மாட்டேன். அதற்குப் பிள்ளையைக் காவல் வைத்தது அதைவிட மோசம். கைதி தப்பியதில் அவர் தவறு எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. பையன் சொன்ன பொய்யில் உங்கள் இருவருக்கும் முழுப் பங்கு உண்டு. அவனை உட்காரவைத்து, அது தப்பு என்று அவன் அப்பாவே சொல்லட்டும்.

நாளைக் காலை அவரே ஸ்டேஷனுக்குப் போய் மெமோவை வாங்கித் தேதி போட்டுக் கையெழுத்திடட்டும். வாங்குவது குற்றத்தை ஒப்புக்கொள்வது ஆகாது. ஆவண நகல்களை எழுதிக் கேட்கட்டும். அன்று வார்டுக் காவலுக்கு எத்தனை பேரைப் போட்டார்கள், அவருக்கு மாற்று ஆள் எப்போது வந்தார் என்பதெல்லாம் அதில்தான் கிடைக்கும். சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யலாம். விசாரணை அறிக்கையின் நகலைக் கொடுத்தாக வேண்டும் என்று 1993-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதுவரை பிழைப்பூதியம் வரும். அரைச் சம்பளத்தில் வீட்டை ஓட்டப் பாருங்கள்.

அப்புறம், சின்ன மாமனாரைத் தடுத்து நிறுத்துங்கள். அரசியல் சிபாரிசு பிடிப்பதே நடத்தை விதிப்படி தனிக் குற்றம். அதற்கும் ஒரு மெமோ வரும்.