ஜெலென் திராட்சையில் காய்பிடிப்புக் குறைவு: கொடிகளை அகற்றலாமா?

கேள்வி: ஸ்லோவேனியாவின் விபாவா பள்ளத்தாக்கில் ஒரு பழைய திராட்சைத் தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்துள்ளேன். அங்குள்ள ஜெலென் கொடிகள் நன்றாகப் பூத்தும் பிஞ்சுகள் உதிர்கின்றன. குலைகளில் கடுகளவு காய்களே மிகுதி. கொடிகளை அகற்றிவிட்டு ஷார்டனே நடலாமா?

பதில்: இப்போதைக்கு அகற்ற வேண்டாம். ஜெலென், விபாவா பள்ளத்தாக்கிற்கே உரிய வெள்ளை இரகம். பூவும் பிஞ்சும் உதிர்வது ஓரளவு அதன் இயல்பு என்பதால், ஆண்டுக்கு ஆண்டு ஏறி இறங்கும் குறைந்த விளைச்சலையே அதனிடம் எதிர்பார்க்க முடியும். எடைக்காக வளர்ப்பதானால் அண்டைப் பகுதியான கோரிஷ்கா பிர்தாவின் ரெபுலா இரகம் பொருத்தமானது. அது அதிகமாகக் காய்ப்பதால், தரம் வேண்டுவோர் குலைகளைக் கழித்தே ஆக வேண்டும். ஜெலெனுக்கு மதிப்பு, ரோஸ்மேரி போன்ற மூலிகை மணமுள்ள அதன் வைனில் இருக்கிறது. ஷார்டனே உலகெங்கும் விளைவதால், அதை நட்டு இந்தத் தனித்தன்மையை இழப்பது எனக்கு இலாபமாகத் தெரியவில்லை.

முதுமையைக் காரணமாகக் கொள்ள வேண்டாம். மாரிபோர் நகரில் ஒரு வீட்டுச் சுவரை ஒட்டி நிற்கும் ஜமெட்டோவ்கா கொடி, 400 ஆண்டுகளைக் கடந்தும் காய்க்கிறது (அதற்குக் கிடைக்கும் கவனிப்பு வயல் கொடிக்குக் கிடைக்காது என்பது வேறு).

பூக்கும் நாட்களில் குளிரும் மழையும் நிலவினால் மகரந்தச் சேர்க்கை தடைப்படும். அதை நாம் மாற்ற இயலாது. ஆனால் தழைச்சத்து மிகுந்து தளிர்கள் கொழுத்து வளர்வதும், போரான், துத்தநாகப் பற்றாக்குறையும் நம்மால் திருத்தக் கூடியவை. பூக்கும் பருவத்தில் இலைக்காம்புகளை ஆய்வகத்தில் சோதித்து, குறைவு உறுதியானால் மட்டும், அடுத்த ஆண்டு பூப்பதற்கு முன் போரானை இலைவழியே தெளியுங்கள். தேவைக்கு மேற்பட்ட போரான் கொடிக்கு நஞ்சாகும். பூக்கத் தொடங்கும்போது வீரியமான தளிர்களின் நுனியைக் கிள்ளினால், ஊட்டம் பூங்கொத்துகளுக்குத் திரும்பிக் காய்பிடிப்பு கூடும். தளிர்களைக் கம்பியில் உடனுக்குடன் கட்டிவிடுங்கள். இல்லையெனில் புர்யா எனப்படும் வடகிழக்குக் காற்று அவற்றை ஒடித்துவிடும்.

இவற்றையெல்லாம் விட முக்கியமானது நச்சுயிரிச் சோதனை. இலைகள் விசிறிபோல் உருமாறியோ, கணுக்கள் நெருங்கியோ உள்ள கொடிகளை அடையாளமிட்டு மாதிரி அனுப்புங்கள். விசிறி இலை நச்சுயிரி நீங்கள் கூறும் அதே அறிகுறிகளைக் காட்டும். அதை மண்ணிலுள்ள நூற்புழு பரப்புகிறது. கொடியைப் பிடுங்கிய பின்னும் எஞ்சும் வேர்களில் நூற்புழு பல ஆண்டுகள் பிழைத்திருப்பதால், அங்கு உடனே ஷார்டனே நட்டால் அதுவும் நோயுறும். நோய் உறுதியான இடத்தில் வேர்களை முழுமையாக நீக்கி, நிலத்தைச் சில ஆண்டுகள் தரிசாகவோ பிற பயிரிலோ விட வேண்டும். நோயற்ற வரிசைகளின் இடைவெளிகளை, சான்று பெற்ற ஜெலென் ஒட்டுக்கன்றுகளால் நிரப்பலாம். ஒட்டில்லாத சொந்த வேர்க் கன்றுகள், வேரைத் தாக்கும் பைலாக்சரா பூச்சிக்குத் தாங்காது.

குத்தகை நிலமாகையால், எந்தக் கொடியை அகற்றுவதற்கு முன்னும் உரிமையாளரின் இசைவை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.